திராட்சையில் மூன்று குளோரின்

ஹவுன்ஸ்லோவில் பிரியந்தியைத் தெரிந்தவர்கள் பலர், அவள் மருந்துக்கடையில் வேலை செய்வதாகவே நினைத்திருந்தார்கள். அவளும் திருத்துவதில்லை. ஜெர்மனியில் வேதியியல் படித்து, லதீசனை மணந்து லண்டனுக்கு வந்தவள், ஓர் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்திருந்தாள்.

2005இல் தோர்ண்டன் ஹீத் பகுதிக் கடைக்காரர் ஜீவரத்தினம் அங்கே ஓர் உலர்திராட்சைப் பெட்டியைக் கொண்டுவந்தார். திராட்சையில் மக்கல் நாற்றம். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார் அவர். கடையின் நிலவறை ஈரம்தான் காரணம் என்றார் கூட வந்த மனைவி நகுலேஸ்வரி. வரவேற்பறையிலேயே இருவரும் மல்லுக்கு நின்றார்கள்.

நாற்றம் தந்த பொருளைப் பிரித்தெடுத்துக் கருவிக்குள் செலுத்தினாள் பிரியந்தி. அது மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளின் எடையைக் கோடுகளாக வரைந்து காட்டும். 210இலும் 212இலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இரண்டு கோடுகள். இரண்டு எடைகளில் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கும் புரோமின் அணு கலந்த ஏதோ ஒன்று என்றது கணினி. அவளும் அப்படியே எழுதிவிடப் பார்த்தாள். ஆனால் 214இலும் ஒரு கோடு, மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நின்றது. ஒற்றைப் புரோமின் என்றால் அது வர நியாயமில்லை. மூன்று குளோரின் அணுக்கள் இருந்தால்தான் கோடுகள் இப்படி இறங்கும். எல்லாவற்றிலும் உயரமான கோடு 195இல் இருந்தது. 210இலிருந்து பதினைந்து குறைவு என்றால், அந்த எடையுள்ள மெதில் என்ற துண்டு ஒன்று கழன்றிருக்கிறது. ஆக, டிரைகுளோரோஅனிசோல். சுத்தமான அந்தப் பொருளை வரவழைத்துச் செலுத்தினாள். கருவியைக் கடக்க அது எடுத்த நேரமும் அதே, கோடுகளும் அதே. சுழல்நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மரத்துக்குப் பூசும் மருந்தைப் பூஞ்சணம் மாற்றுவதால் உண்டாகும் பொருள் அது. சரக்கு வந்த கப்பல் கொள்கலனின் மரத்தளத்திலிருந்து ஒரு சீவல் எடுப்பித்துப் பார்த்தாள். அதிலும் இருந்தது. உடனே ஜீவரத்தினத்துக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, சரக்கும் பழசில்லை, உங்கட நிலவறையிலும் பிழையில்லை. கப்பல் கொள்கலனிலை இருந்துதான் மணம் ஏறியிருக்கு."

"நஞ்சோ, பிள்ளை?"

"இந்தளவிலை ஒண்டும் செய்யாது. மூக்குக்குத்தான் கரைச்சல். ஆனா விக்க ஏலாது."

நகுலேஸ்வரி போனை வாங்கினார். "இனி இவர் நிலவறைக்குப் பெயின்ற் அடிக்கத் தேவையில்லை எண்டு நிப்பார். அதையும் ஒருக்கா வந்து பாருங்கோ, பிள்ளை."

இறக்குமதியாளர் சரக்கு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை பிரியந்தியும் லதீசனும் கடைக்குப் போய் நிலவறையில் இறங்கினார்கள். மூலையில் பூஞ்சணம் பச்சைப்பசேல் என்றிருந்தது. மேலே வந்து சொன்னபோது ஜீவரத்தினம் சிரித்துவிட்டார். பிறகு வெள்ளை அடிப்பதா மஞ்சள் அடிப்பதா என்று அடுத்த சண்டை தொடங்கியது. வந்தவர்கள் இருவரும் சுடச்சுட வடை தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.