அட்டமியில் வெட்டாதே

1. மேஜை மேல் மடவை

அன்று திங்கட்கிழமை. நந்தனம் ஆபீஸில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். 'அடையாறு முகத்துவாரத்து மணல் திட்டு வெட்டப்பட்டு, ஆற்று நீர் கடலில் கலக்க வழி செய்யப்பட்டது' என்று எழுதி இன்னும் புள்ளி வைக்கவில்லை. அந்த வரியின் மேலேயே ஒரு கூடை செத்த மீன் வந்து விழுந்தது.

எல்லாம் மடவை. வயிறு ஊதி, கண் வெளுத்துப் போயிருந்தன. டைப்பிஸ்ட் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். கூடையைக் கவிழ்த்தவர் கன்னியம்மா. முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்துக்காரர், கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். அதற்கு முன் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சும் சண்டையில்தான் முடிந்தது.

"எளுது சார், இத்தையும் சேத்து எளுது. வெள்ளிக்கெளம நீ வெட்ன வாய்க்கா நேத்தே மூடிக்கிச்சு. உள்ள கீற மீனெல்லாம் மூச்சு முட்டி சாவுது. நீ இங்க ஃபேன் போட்டுக்கினு இன்னா எளுதிக்கினு கீற?"

சத்தம் கேட்டு என் மேலதிகாரி, ஏ.இ.இ. ராகவன் சார் அறையிலிருந்து வெளியே வந்தார். மயிலாப்பூர்க்காரர், ஆசாரம் பார்க்கிறவர்.

"என்னய்யா இது கண்றாவி! இன்னிக்கு ஏகாதசி, பச்சைத் தண்ணி பல்லுல படாம உக்காந்துண்டிருக்கேன். என் எதிர்க்க மீனைக் கொண்டு வந்து கொட்டிண்டு!"

கன்னியம்மா அவர் பக்கம் திரும்பினார். "ஏகாதசின்னு உனுக்குத் தெரிது சாமி. அட்டமின்னு இவருக்குத் தெரியலியே!"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது புரிந்ததால் இல்லை, புரியாததால்.

2. நான் நட்ட போர்டு

அடையாறு கடலைத் தொடுகிற இடத்தில் அகலமாகப் பரந்து உப்பங்கழியாகிவிடும். கோடையில் ஆற்றுக்கு வேகம் கிடையாது. கடல் மணலைத் தள்ளித் தள்ளி வாயை அடைத்துவிடும். உள்ளே ஊர்ச் சாக்கடை வந்து தேங்கும், கடல் தண்ணீர் வராது. கழி கறுத்து, மீன் செத்து மிதக்கும்.

குப்பத்துக்காரர்கள் அதற்கு எங்களை எதிர்பார்த்ததே இல்லை. வருஷா வருஷம் வீட்டுக்கு ஓர் ஆள் என்று மம்மட்டியும் மணல் அள்ளும் பாண்டுமாக வந்து அவர்களே வாயைத் திறந்துவிடுவார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போனால்தான் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே போகும். கழிச் சேற்றில் வளரும். ஐப்பசியிலிருந்து பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கழுத்தில் பறி என்கிற பனையோலைக் கூடையைக் கட்டிக்கொண்டு, கையால் துழாவிப் பிடிப்பார்கள். 'எறா தடவறது' என்று பெயர். கன்னியம்மா சொல்வார்: "கடலு ஆம்பளைக்கி, கழி பொம்பளைக்கி." அவருக்குப் புருஷன் இல்லை, கட்டுமரம் இல்லை. கழி மட்டும்தான்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது விதிமுறை. தொண்ணூறுகளின் நடுவில், ஆற்றுப் பராமரிப்பு என்ஜினீயரான என் பொறுப்புக்கு அந்தப் பகுதி வந்தது. அனுமதி இல்லாமல் பொதுமக்கள் ஆற்றை வெட்டுவதா என்று கேட்டு, இரும்புக் கால் வைத்த போர்டு ஒன்றை நானே முன்னால் நின்று நட்டேன். 'மணல் திட்டை வெட்டக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' அவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஆடி மாதம் புல்டோசர் ஒன்று ஒரு வாரத்துக்குக் கிடைத்தது. வந்த அன்றே வேலையை ஆரம்பித்தேன். அது வெள்ளிக்கிழமை.

கன்னியம்மா அன்றைக்கே வந்து நின்றார். "இன்னிக்கி வெட்டாத சார். அட்டமி. அமாசைக்கி வெட்டு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் நல்ல நேரம் பார்க்கிற ஆள் இல்லை. சீர்திருத்தக் கல்யாணம், அதுவும் ராகு காலத்தில். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அலாதிப் பெருமை வேறு. "இதோ பாரும்மா, நான் ராகு காலத்துல தாலி கட்டினவன். என்கிட்ட அட்டமி நவமியெல்லாம் பேசாத."

"உன் கல்யாணத்தப் பத்தி யாரு சார் கேட்டா? நான் தண்ணியப் பத்தி சொல்றேன்."

தண்ணீருக்கும் அட்டமிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் வாய்க்கால் வெட்டியாயிற்று. தண்ணீர் நடக்கத் தெம்பில்லாத மாதிரி மெல்லக் கடலுக்குப் போனது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

3. வாய் சொன்ன பதில்

மீனை அள்ளிப் போட்டு, மேஜையை பினாயில் விட்டுத் துடைத்த பிறகும் கன்னியம்மா போகவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"ஆவணிக்குள்ள உப்புத் தண்ணி வர்லன்னா இந்த வருசம் எறா இல்ல சார். அடையாறுல ஒரு வூட்ல பத்து பாத்திரம் தேய்க்க வரேன்னு சொல்லி வெச்சிக்கிறேன். வயித்துக்கு வோணுமே. ஆனா ஒருத்தர் வூட்டு வாசப்படி நான் ஏறினதில்ல."

அவர் போன பிறகு ராகவன் சார் கூப்பிட்டார். "அந்தப் பொம்மனாட்டி அட்டமி அட்டமிங்கறாளே, என்ன அது?"

வெள்ளிக்கிழமை அவர் வந்து தடுத்ததை நான் தமாஷாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அஷ்டமியன்னிக்கு சந்திரன் எப்படிய்யா இருக்கும்?"

"பாதி சார்."

"பாதிச் சந்திரனுக்குக் கடல்ல என்ன டைட்?"

"நீப் டைட் சார்" என்று மூளைக்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

காலேஜில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கிய விஷயம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஸ்பிரிங் டைட்: கடல் நிறைய ஏறும், நிறைய இறங்கும். நடுவில் அட்டமியை ஒட்டி நீப் டைட்: ஏறுவதும் கொஞ்சம், இறங்குவதும் கொஞ்சம். கடல் ஆழமாக இறங்கினால்தான் ஆற்றுத் தண்ணீர் பாய்ந்து ஓடி மணலை அறுத்துக்கொண்டு போகும். இல்லாவிட்டால் அலை கொண்டுவரும் மணலே வாய்க்காலை மூடிவிடும். இங்கிலீஷில் கேட்டால் எனக்குத் தெரிந்திருக்கும். அட்டமி என்று கேட்டதால் தெரியவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை அமாவாசை" என்றார் ராகவன் சார். "எனக்குத் தர்ப்பணம் இருக்கு, பதினோரு மணிக்கு முன்னாடி வர முடியாது. நீயே பாத்துக்கோ. ஃபைல்ல மட்டும் அமாவாசைன்னு எழுதித் தொலைக்காதே, மேல இருக்கறவா சிரிப்பா. ஸ்பிரிங் டைட்னு எழுது. இன்னொண்ணு, சனிக்கிழமை மெஷின் வேற டிவிஷனுக்குப் போறது. இதுவும் மூடிண்டுதுன்னா உனக்கு மெமோ குடுக்கவேண்டியவன் நான்தான். மனசுல வெச்சுக்கோ."

மெமோ பயம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்கூட்டரில் கே.கே. நகர் போகிற வழியெல்லாம் காதில் நின்றது அந்த வாசப்படிப் பேச்சுதான்.

4. பாக்கலாம்

மெஷின் மட்டும் போதாது என்று இந்தத் தடவை புரிந்தது. எந்த நேரத்தில் மணல் திட்டை உடைப்பது என்பது எனக்குத் தெரியாது. துறைமுகத்து ஓத அட்டவணையை, அதாவது டைட் டேபிளை, வாங்கிப் பார்த்தேன். அதில் கடலின் நேரம்தான் இருந்தது, அந்த மணல் திட்டின் நேரம் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குப்பத்துக்குப் போனேன்.

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பின்னினார்கள். வாயைத் தேனாக வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை எல்லாரும் மம்மட்டியோடு வரவேண்டும் என்று கேட்டேன்.

"வெட்னா நடவடிக்கைன்னு போர்டு கீதே சார்" என்றார் கன்னியம்மா.

"அது நான் வெச்சதுதாம்மா."

"அப்போ நீயே புடுங்கு."

நியாயம்தானே. காங்கிரீட் போட்டு நட்ட போர்டு. கடப்பாரையை இரவல் வாங்கி அரை மணி நேரம் நெம்பினேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை. உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. போர்டு சாய்ந்தபோது குப்பத்துத் தலைவர் வந்து அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "பாக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

'பாக்கலாம்' என்றால் வருவார்களா, வரமாட்டார்களா? அரசாங்கத்தில் நாங்கள் பாக்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

5. குச்சி

வெள்ளிக்கிழமை விடியும்போது மணல் திட்டில் நானும் புல்டோசர் ஆபரேட்டரும் மட்டும்தான் இருந்தோம். ஆறரை மணிக்கு முதல் மம்மட்டி தெரிந்தது. ஏழு மணிக்குள் முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள், பாதிக்குமேல் பெண்கள். என் கண் கலங்கியது, மணல் விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டேன்.

வாய்க்கால் எந்தக் கோட்டில் போகவேண்டும் என்று தலைவர் காலால் கீறிக்கொண்டே போனார். மெஷின் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. ஆற்றுப் பக்கம் மட்டும் இரண்டு முழ அகலத்துக்கு மணல் சுவரை விட்டுவைத்தோம். அதை உடைப்பதுதான் கடைசி வேலை.

ஒன்பது மணிக்குக் கடல் நன்றாக ஏறி நின்றது. கன்னியம்மா அலை தொடும் இடத்தில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகிவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொண்டார்.

"உடைச்சிடலாமா?" என்றேன்.

"இரு சார்."

ஒன்பதே கால். அலை குச்சியைத் தொட்டுவிட்டுப் போனது. ஆபரேட்டர் இரண்டு தடவை மணி கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், குச்சியைப் பார்ப்பேன்.

ஒன்பதரை. "அட்டவணைப்படி நேரம் தாண்டிடுச்சும்மா."

"உன் அட்டவணைய மடிச்சி ஜோபில வெய். கடலு இன்னும் உள்ள வாங்கல."

கொஞ்ச நேரம் கழித்து ஓர் அலை குச்சிக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்று திரும்பியது. அடுத்ததும் எட்டவில்லை. மூன்றாவதும் எட்டவில்லை. அவர் எழுந்து புடவையை வரிந்து கட்டினார். "இப்போ!"

பத்து மம்மட்டி ஒரே நேரத்தில் இறங்கியது. கறுப்புத் தண்ணீர் ஒரு கை அகலத்துக்கு எட்டிப் பார்த்தது, வாய்க்காலில் நாலு கெஜம் ஓடியது, நின்றுவிட்டது. பக்கத்து மணல் சரிந்து அடைத்துக்கொண்டது. பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே குதித்து, மம்மட்டியைக்கூட விட்டுவிட்டு, இரண்டு கையாலும் மணலை வாரி எறிந்தார்கள். நானும் பேன்ட்டை மடிக்காமலே குதித்தேன். உரிந்த உள்ளங்கையில் உப்பு பட்டு எரிந்தது.

அப்புறம் ஒரு இழுப்பு வந்தது. காலடியில் மணல் தானாக ஓட ஆரம்பித்தது. "மேல ஏறு சார், இஸ்துகினு பூடும்!" என்று யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள். இரண்டு பக்கமும் கரை தொப் தொப்பென்று விழுந்தது. பன்னிரண்டு மணிக்கு இரண்டு லாரி பக்கம் பக்கமாகப் போகிற அகலம். மெஷின் சும்மா நின்றுகொண்டிருந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. போன தடவையும் முதல் நாள் ஓடத்தானே செய்தது?

6. மறுபடியும் கூடை

சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தேன், வாய் மூடவில்லை, ஏறுகிற கடல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலமும் போனேன். ஞாயிற்றுக்கிழமை மனைவி, "ஆத்துக்குக் காவல் வேலையும் உங்களுக்குத்தானா?" என்று கேட்டாள். அன்றைக்கும் இரண்டு தடவை போனேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் கன்னியம்மா. இடுப்பில் அதே கூடை. மேஜை மேலிருந்த ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கூடைக்குள்ளிருந்து மீன் வரவில்லை. ஒரு பால் சொம்பு வந்தது. "பாரு சார்."

பார்த்தேன். கலங்கல் தண்ணீர்தான் தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மிளகைப் பொடித்துப் போட்ட மாதிரி சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், இரண்டிரண்டாகச் சேர்ந்தே நகர்ந்தன.

"கண்ணு சார் அது. ஒடம்பு தெரியாது, கண்ணு மட்டும்தான் தெரியும். எறா குஞ்சு. உள்ள வந்துகினே கீது."

சொம்பைத் திரும்ப எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டார். "அந்த அடையாறு வூட்டுக்குப் போயி, வேலைக்கி வர்லன்னு இப்பத்தான் சொல்ட்டு வரேன்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் படி இறங்கிவிட்டார். குஞ்சைக் கழியில் விடவேண்டும் அல்லவா, அந்த அவசரம்.

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த வரைக்கும் வாய் திறக்கும் நாளைக் குப்பம்தான் குறித்தது. நான் ஸ்பிரிங் டைட் என்று மாற்றி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கழியில் கட்டட இடிபாடு கொட்ட வந்த லாரிகளை நாங்கள் நோட்டீஸ் அனுப்பித் தடுத்ததைவிட, இந்தப் பெண்கள் குறுக்கே உட்கார்ந்து தடுத்ததுதான் அதிகம். அவர்கள் சோறு அதில் இருந்தது, அதனால் கழியும் இருந்தது.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒருவர் சொல்வது மூடநம்பிக்கையா இல்லையா என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், 'ஏன்' என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் கேட்காததற்கு ஒரு கூடை மடவை செத்தது. இன்னும் நாலு நாள் போயிருந்தால் ஒரு மனுஷி முன்பின் தெரியாத வாசப்படி ஏறியிருப்பார்.

ரிடையர் ஆன அன்று என் இடத்துக்கு வந்த பையன் மேஜை டிராயரில் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சார், நீங்களா அட்டமி நவமி பாக்கறீங்க?"

"பாக்கிறேன்ப்பா" என்றேன். "ராகு காலம் மட்டும்தான் இன்னும் பாக்கிறதில்ல."