படகுக்குப் போட்ட மாலை

என் அம்மா காபி குடிப்பதை நிறுத்தியதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தண்ணீரில் சறுக்கிய கதையை ருசியாகச் சொல்லிக்கொண்டே போய் இதை விழுங்கிவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டில் நாலு பேர். நான், என் கணவர், அம்மா, தங்கை. அப்பா போனபிறகு அம்மாவும் தங்கையும் குத்தம்பாக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார்கள். தங்கைக்கு முப்பது தாண்டிவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்கு அது ஒன்றுதான் கவலை. "வயசுப் பொண்ண ஊட்டுல வெச்சிகினு எப்டிடி தூக்கம் வரும்?" என்பாள். தங்கை மட்டும் குறட்டை விட்டுத் தூங்குவாள்.

என் கணவரின் ஆபீஸ் நண்பரும் அவர் மனைவியும்தான் எங்களை வேக்போர்டிங்குக்கு இழுத்துப் போனார்கள். ஒரு பலகையை பூட்ஸோடு காலில் மாட்டிக்கொண்டு, மோட்டார் படகின் பின்னால் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போவது. கோவளத்தில் கடல் உள்ளே புகுந்து தேங்கி நிற்கும் உப்பங்கழியில் நண்பருக்குத் தெரிந்த ஒருவர் படகு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பி, பூந்தமல்லியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போய்ச் சேர்ந்தால் தண்ணீர் அப்போதுதான் தூங்கி எழுந்தமாதிரி அசையாமல் கிடக்கும். சீக்கிரம் போனால்தான் உண்டு. வெயில் ஏறிக் கடல்காற்று கிளம்பிவிட்டால் தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன அலை. குழி விழுந்த ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுவதுபோல் பல்லெல்லாம் ஆடும்.

கற்றுக்கொள்வதில் ஒரு சூட்சுமம்தான். கயிற்றை நாம் இழுக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, கையை நீட்டி, தண்ணீரில் சும்மா உட்கார்ந்திருந்தால் படகே நம்மைத் தூக்கி நிறுத்திவிடும். நான் இழுப்பேன். வீட்டிலும் எதையும் விட்டுக்கொடுக்காத பிறவி, தண்ணீரில் மட்டும் எப்படி விடுவேன்? குப்புற விழுந்து மூக்கெல்லாம் உப்புத் தண்ணீர். தங்கை முதல் நாளே எழுந்து நின்றாள். ஆபீஸிலும் வீட்டிலும் தோளைக் குறுக்கிக்கொண்டே நடக்கும் பெண், பலகைமேல் நிமிர்ந்து நின்று சிரித்துக்கொண்டு போனதைப் படகிலிருந்து பார்த்தேன். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. கடற்கரையில் போய்க் காற்று வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால், "கை கால் ஒடஞ்சா எவன்டி கட்டுவான்?" என்று ஆரம்பித்துவிடுவாள் என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அங்கே பக்கத்திலேயே கல்யாணப் பெருமாள் கோயில் ஒன்று இருக்கிறது. வரன் அமையாதவர்கள் இரண்டு மாலை வாங்கிப் போய் அர்ச்சனை செய்ய வேண்டும். பெருமாளுக்குச் சாத்தியது போக ஒரு மாலையைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்து பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் தம்பதியாக அந்தக் காய்ந்த மாலையோடு போய் நன்றி சொல்ல வேண்டும். மாடி வீட்டு அம்மாள் இதைச் சொன்னதிலிருந்து அம்மா என்னைத் துளைத்தெடுத்தாள். "பீச்சுக்குப் போறீங்களே, அப்டியே அவள கோயிலுக்கு இட்னு போனா இன்னா கொறஞ்சிடுவ?"

சரியென்று ஒரு ஞாயிறு கிளம்பினோம். நிஜமாகவே கோயிலுக்குத்தான். வழியில் இரண்டு மாலை வாங்கி டிக்கியில் வைத்தேன். கோவளம் வந்ததும், காற்று எழும்புவதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டு அப்புறம் குளித்து உடை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். தண்ணீர் நமக்காகக் காத்திருக்காது, பெருமாள் இருப்பார் என்று சமத்காரமாக வேறு பேசினேன்.

இறங்கினால் ஏறத் தோன்றுமா? தங்கை அன்று படகு கிளப்பும் அலையின் மேட்டில் ஏறித் தாவப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு தரம், இன்னொரு தரம் என்று போய்க்கொண்டே இருந்தது. கரைக்கு வந்தபோது பசியில் உயிர் போயிற்று. நண்பர் வறுத்த வஞ்சிரம் வாங்கி வந்து நீட்டினார். பேசிக்கொண்டே ஆளுக்கு இரண்டு துண்டு தின்று முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. மீன் தின்ற வாயோடு பெருமாள் கோயிலுக்குள் எப்படிப் போவது? உச்சிவேளை ஆகி நடையும் சாத்தியிருப்பார்கள்.

"அடுத்த வாரம் போலாம்க்கா," என்றாள் தங்கை. அவளுக்கு அப்படியொன்றும் அவசரமில்லை. டிக்கியைத் திறந்து ஒரு மாலையை எடுத்துப்போய்ப் படகின் முன்கொம்பில் கட்டினாள். "நம்மள இவ்ளோ தூரம் இழுத்துச்சுல்ல, பாவம்." படகுக்காரர் சிரித்தார். மாலை கட்டிய படகின் பின்னால் இன்னொரு சுற்றும் போனாள், என் கணவர் படகிலிருந்து அதை வீடியோ எடுத்து அவள் போனுக்கு அனுப்பினார். பெருமாளுக்குப் போக வேண்டிய மாலை படகுக்குப் போனது. இன்னொன்று டிக்கியில் ஈரத் துண்டுகளோடு வீட்டுக்கு வந்தது.

கதவைத் திறந்ததும் அம்மா தங்கையின் தலையைத்தான் பார்த்தாள். முடி ஈரம் காயவில்லை. "கோயில் கொளத்துல வேற முழுகினியா? என் கண்ணு," என்று அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "ஒம்போது சுத்தும் சுத்துனாளா?" என்று என்னைக் கேட்டாள். நான் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "சுத்தினா," என்றேன்.

அம்மா மாலையைக் கையால் வாங்கவில்லை. "நீ சுமங்கலி, நீயே மாட்டு," என்று சாமி அலமாரியைக் காட்டினாள். மாட்டினேன். மறுநாள் காலை காபி கொடுத்தபோது டம்ளரை நகர்த்தி வைத்தாள். "அவ கழுத்துல தாலி ஏறட்டும். அப்பறம் குடிக்கிறேன்." காலையில் எழுந்ததும் காபி இல்லாவிட்டால் யாரோடும் பேசாத மனுஷி அவள்.  அது தெரிந்தும் என் காபியை நான் குடித்துவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன்.

அதன்பிறகும் ஞாயிறுகளில் போய்க்கொண்டுதான் இருந்தோம். கோயில் காரில் பத்து நிமிஷம்தான். ஒரு நாள் போய் ரகசியமாக அர்ச்சனை செய்துவிட்டு வந்தால் கணக்கு நேராகிவிடும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். ஒவ்வொரு முறையும் தண்ணீர் முதலில், மீன் அடுத்தது, கோயில் அடுத்த வாரம். வீட்டில் அம்மா தினமும் அந்த மாலைக்கு முன் விளக்கேற்றினாள். பூ கருகி நார் தெரிய ஆரம்பித்தது.

ஒரு வரன் ஜாதகத்தோடு நின்றது. அடுத்த வரன் வீட்டார் ஆவடியிலிருந்து நேரிலேயே வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள், போன் செய்கிறோம் என்றார்கள், செய்யவில்லை. தங்கை தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். பிறகு ஒரு சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அம்மா அலமாரி முன்னால் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பெரியவளே, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத," என்றாள். "நீ வேலைக்குப் போயிருந்தப்ப ஒருநாளு அந்த மால கீழ வுந்துடுச்சி. ஊட்ல யாருமில்ல. சாமி மால தரையில கெடக்குதேன்னு நான் எடுத்து மாட்டிட்டேன். தாலி அறுத்தவ கை பட்ட மால எப்டிடி பலிக்கும்? என்னாலதான் நின்னு போவுது."

எனக்கு இந்தப் பேச்சு ஆகவே ஆகாது. அப்பா இறந்த வருஷம் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் அம்மாவை ஓரமாக நிற்கச் சொன்ன அத்தையைச் சபை நடுவில் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்டவள் நான். அதற்காகப் பெருமைப்பட்டுக்கொண்டவள். ஊருக்குத்தான் உபதேசம். என் வீட்டு அலமாரியில் ஒரு பொய்யை மாட்டிவைத்து, அதன் எதிரில் அம்மாவைக் குற்றவாளியாக உட்காரவைத்தது நான்தான்.

அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலுக்குள் போகவே இல்லை, குளத்தில் முழுகவில்லை, அது கடைமாலை, டிக்கியில் கிடந்தது. சொல்லச் சொல்லத் தங்கையும் அறையிலிருந்து வந்து நின்றாள். கன்னத்தில் ஒரு அறை விழும் என்று காத்திருந்தேன். விழ வேண்டும் என்றுகூட இருந்தது.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "என் மனசு ஆறட்டும்னு சொல்றியா?"

"இல்லம்மா. சத்தியமா."

"நீ சொல்லுவடி. எனக்கோசரம் சொல்லுவ."

ஒரு சொல்லில் பொய்யை நம்பியவள், இத்தனை சொல்லியும் உண்மையை நம்பவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கை தன் போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தாள். படகின் முன்னால் ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய மாலை ஆடிக்கொண்டிருந்தது. பிறகு படம் பின்பக்கம் திரும்பியது. கயிற்றின் முனையில், வெயிலில், தண்ணீர்மேல் ஒரு பெண் நின்றுகொண்டு வந்தாள்.

"இது யாரு?"

"நான்தாம்மா."

அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அலமாரியில் இருந்த மாலையையும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். அதே ரோஜா, அதே சம்பங்கி, அதே ஜரிகைச் சுற்று.

"அப்ப நான் தொட்டதால இல்ல," என்றாள்.

"இல்லம்மா."

"நான் தொட்டதால இல்ல," என்று தனக்கே இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள். இத்தனை மாதமாக ஏறியிருந்த தோள் அப்போதுதான் இறங்கியது. பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வாய் காபி போடு," என்றாள்.

போட்டேன். பதற்றத்தில் சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்பது அவள் முதல் மிடறு விழுங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.  அம்மா கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, காலி டம்ளரை என் கையில் கொடுத்தாள்.