ஸ்னோ அக்கா அனுப்பாத மலை

எங்கள் ஆபீசில் அவளுக்கு ஸ்னோ அக்கா என்று பெயர். ஜனங்களை வேனில் ஏற்றிச் சுற்றுலா அனுப்பும் கம்பெனி எங்களுடையது. நான் டிக்கெட் போடுகிறவள், அவள் பக்கத்து மேஜை. எங்கள் நாட்டுக் குளிருக்கு ஒரு சால்வை போதும். அதுவும் பாதி நாள் தோளில் சும்மாதான் தொங்கும். ஆனாலும் குளிர்காலம் பிறந்துவிட்டால் ஆளாளுக்கு ஸ்னோ பைத்தியம் பிடித்துவிடும். "ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு எதிரே உக்காருங்க" என்று நான் சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. அக்கா அப்படியெல்லாம் பேச மாட்டாள். இன்று எந்த மலையில் பனி விழுந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

அது லேசான வேலையில்லை. வடக்கே நாலைந்து உச்சிகளில், அதுவும் தனக்கு மனம் வந்தால்தான் விழும். லாட்ஜ்காரர்களைக் கேட்டால் எந்நேரமும் "முழங்கால் ஆழம்மா" என்று கரடி விடுவார்கள். போய்ப் பார்த்தால் புல் நுனியில் உப்புத் தூவினதுபோல் இருக்கும். அக்கா காலையில் வந்ததும் மலைமேல் இருக்கும் பால்காரருக்கும் ஸ்கூல் ஆயாவுக்கும் போன் போடுவாள். ஸ்னோ இருக்கிறதா என்று கேட்கவே மாட்டாள். "கதவைத் திறந்து கால் வச்சப்போ சத்தம் கேட்டுச்சா?" என்பாள். "நறுக் நறுக்குன்னுச்சும்மா" என்று பதில் வந்தால்தான் வேன் புறப்படும்.

சாயங்காலம் டிரைவர்களுக்கு இன்னொரு சுற்றுப் போன். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள்? "ஒருத்தரை மட்டும் ஸ்னோவுல புதைச்சுட்டு வந்துட்டோம்க்கா" என்று ஒரு டிரைவர் கிண்டல் செய்தான். அக்கா போனை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். வெகுநேரம் உள்ளே வரவில்லை. ஒரு தமாஷுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதலாளிதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

மற்ற மலைகள் பனி விழாமல் ஏமாற்றினாலும் ஏமாற்றாத மலை ஒன்று உண்டு. எங்கள் வேன் மட்டும் அங்கே போகாது. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கிருந்த லாட்ஜ்காரர், "மேலே பெரிய மைதானம், முழுக்க வெள்ளை" என்று சொல்லியிருக்கிறார். முதல் ஆளாகத் தன் தம்பியைத்தான் அனுப்பினாள். "மைதானம் இருக்குடா, ஆசை தீர ஓடு" என்று சொல்லி அனுப்பினாள். அது மைதானமில்லை, ஏரி. ஐஸைத் தம்ளரில் மட்டும் பார்த்து வளர்ந்த நமக்குத் தண்ணீர் தரையாகும் என்று யார் சொல்லித் தந்தார்கள்? சமமாக, வெள்ளையாக இருந்ததை நம்பி அவன் நடுவரைக்கும் ஓடினான், ஐஸ் உடைந்து உள்ளே போய்விட்டான். பனி உருகிய பிறகுதான் அவனைக் கீழே கொண்டுவந்தார்கள்.

அவனுக்குக் கைக்குழந்தையாக ஒரு மகள். பெற்றவள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணை அக்காதான் பொத்திப் பொத்தி வளர்த்தாள். அப்பா பஸ் விபத்தில் இறந்தார் என்றே சொல்லி வைத்தாள். அத்தையால்தான் அப்பா போனார் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பெண் தன்னை அப்புறம் அத்தை என்று கூப்பிடுவாளா? இந்தப் பயம் அக்காவை உயிரோடு தின்றது. வருஷா வருஷம் குளிருக்கு முன்னால் ஒரு மூட்டை சிவப்புத் துணியை அந்த மலைக் காவல்காரருக்கு அனுப்புவாள். யாரும் இறங்கிவிடாதபடி ஏரிக் கரையில் கம்பு நட்டு அவர் அதைக் கட்டி வைப்பார். நீள நீளமாகத் துணியைக் கிழித்துக் கொடுப்பது அந்தப் பெண்தான். சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் லாரிகளின் பின்னால் கட்டுவதற்கு என்று அவளிடம் சொல்லியிருந்தாள்.

இந்த வருஷம் எங்கள் வேன் போகும் எந்த மலையும் கைகொடுக்கவில்லை. எங்கே போன் போட்டாலும் "சத்தமே இல்லம்மா" என்றார்கள். காலேஜ் தோழிகளோடு தெற்கே கடற்கரைக்குப் போகிறேன் என்று அந்தப் பெண் கிளம்பியிருந்தாள். மறுநாள் மதியம் அக்காவின் செல்போன் அடித்தது. என்னோடு பேசிக்கொண்டே அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, சர்ப்ரைஸ்! நாங்க பீச்சுக்குப் போகல. ஸ்னோவுக்கு வந்துட்டோம். நீங்க கண்டுபிடிக்காத இடத்தை நாங்க கண்டுபிடிச்சுட்டோம். எவ்ளோ பெரிய மைதானம் தெரியுமா!"

அக்கா எழுந்துவிட்டாள். "அங்க சிவப்புத் துணி கட்டியிருக்காடி?"

"இருந்துச்சு. ஃபோட்டோவுல அசிங்கமா விழுதுன்னு அவுத்துட்டோம். நம்ம லாரித் துணி மாதிரியே... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ எங்க நிக்கிற?"

"நடுவுல. எல்லாரும் கரையிலேர்ந்து என்னை ஃபோட்டோ எடுக்கறாங்க."

அக்கா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அது மைதானமில்ல, ஏரி. உங்கப்பா பஸ்ல சாகல. அங்கதான் உள்ளே போனான். பேசாத. மெதுவா குப்புறப் படு. போனை முன்னாடி தள்ளிக்கிட்டு, வந்த வழியே ஊர்ந்து வா."

அப்புறம் அந்தப் பெண்ணின் மூச்சும், துணி பனியில் உரசும் சத்தமும்தான். ஆபீஸ் மொத்தமும் எங்கள் மேஜையைச் சுற்றி நின்றது. திடீரென்று நறுக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி நறுக். நிதானமாக ஒருவர் நடக்கும் சத்தம்.

"பக்கத்துல யாருடி நடக்கறது?"

"யாரும் இல்ல அத்தை. எல்லாரும் கரையிலதான் நிக்கறாங்க."

காதில் விழாததுபோல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கும் கேட்டது. ஊர்கிற சத்தத்துக்குப் பக்கத்திலேயே அதுவும் வந்தது. தோழிகள் ஓவென்று கத்தி அவளைக் கரைக்கு இழுத்தபோது அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அந்தப் பெண் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆபீசுக்கு வந்தாள். அக்கா முன்னால் நின்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அங்க மைதானம் இருக்குன்னு அப்பாகிட்ட யார் சொன்னது?"

லாட்ஜ்காரர் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யுமில்லை. அவரும் உயிரோடு இல்லை. சொல்லித் தொலையேன் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

"நான்தான்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதலாளிகூடத் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"போன்ல யாரோ நடக்கறாங்கன்னீங்களே. கரை வரைக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"அங்கேயே நின்னுடுச்சு."

அவள் தோள்பையைத் திறந்து, அவிழ்த்த சிவப்புத் துணிகளை ஈரத்தோடு மேஜைமேல் வைத்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"இது பத்தாது அத்தை. கரையைச் சுத்தி முழுசா வரல. இன்னும் வாங்குங்க, நான் கிழிச்சுத் தரேன்."