மூன்றாம் நம்பர் துணி

சாயப்பட்டறை முதலாளி சென்னியப்பனுக்கு விவசாயத்தின் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. முதலாளிக்குப் பாசம் பொங்கினால் அதற்கு ஒரு சின்னம் வேண்டும், பேனர் வேண்டும், மேடையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் பனியன் வேண்டும். கல்யாண மண்டபத்தில் ‘ஏர்’ என்று ஓவியக் கண்காட்சி. செலவு முழுக்க அவருடையது.

சின்னத்துக்கு டிசைனர் முனீஸ். நெல் வயலைப் பார்த்து வளராத விருதுநகர்க் கரிசல் பக்கத்துக்காரன். கம்ப்யூட்டர் சிடியில் கிடந்த கதிர்ப் படம் ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டு நெல் என்று சத்தியம் செய்தான். பட்டறையின் சோதனை லேபில் சாயம் கலக்கும் மருதாள் எட்டிப் பார்த்தாள். முற்றின நெல் தலை குனியும், இது கொடிக்கம்பம் மாதிரி நிற்கிறதே, கோதுமையாக இருக்கும் என்றாள். முதலாளிக்கு நிமிர்ந்து நின்றதுதான் பிடித்தது. கோதுமையே நெல்லாயிற்று.

அடுத்து நிறம். முதலாளி மருதாளைக் கூப்பிட்டார்.

"மண்ணுன்னா மண்ணு மாதிரி இருக்கோணும் கண்ணு. மூணு துண்டு முக்கிக் காட்டு" என்றார்.

வெள்ளைத் துணித் துண்டைச் சாயத்தில் முக்கி, நம்பர் எழுதி நீட்டுவதுதான் மருதாளின் பிழைப்பு. பதினோரு வருஷமாக அதுதான். அவளுடைய ஊர் ஆற்றின் போக்கில் பட்டறைக்குக் கீழே இருக்கிறது. என்ன ஆர்டர் ஓடுகிறதென்று அவள் அப்பா மாரப்பனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைக் கழிவு ஊறும் கிணற்றை எட்டிப் பார்த்தால் போதும், ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் ரோஸ், எல்லாம் கலந்த வாரம் மண் நிறம். தென்னை அறுபதும் மொட்டையாய் நின்றபிறகு மருதாளின் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அந்தச் சம்பளம் கொடுக்கிற மகராசன்தான் இப்போது மண்ணைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறார்.

இரண்டு துண்டை முறைப்படி முக்கினாள். மூன்றாவதைப் பட்டறைக்குப் பின்னால் ஓடும் கழிவுத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, இஸ்திரி போட்டு, 3 என்று எழுதினாள்.

சென்னியப்பன் மூன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுலதான் கண்ணு மண்வாசனையே இருக்குது" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த நிறத்தில் அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தபிறகு, பனியனுக்கும் பேனருக்கும் எந்தச் சாயம் எவ்வளவு என்று கணக்கு கேட்டார். பொய் ஒன்று மருதாளின் நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் அதை விழுங்கினாள்.

"கணக்கு இல்லீங்க. நம்ம பொறத்தால ஓடுற தண்ணீல முக்குனதுங்க."

முனீஸ் மவுஸைக் கையிலிருந்து விட்டுவிட்டான். முதலாளி அழைப்பிதழையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளை வேலையைவிட்டு நிறுத்தினால் ஏனென்று நாலு பேர் கேட்பார்கள். நிறத்தை மாற்றினாலும் கேட்பார்கள். அதே நிறத்தைச் சாயத்தில் பிடித்துக் கொடு, யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று முடித்துக்கொண்டார்.

"நான் ஏனுங்க பேசறேன்" என்றாள் மருதாள்.

கண்காட்சிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். சென்னியப்பன் அந்தப் பனியனில், நெஞ்சில் கோதுமையோடு, மண்ணின் பெருமையை முழங்கிக்கொண்டிருந்தார். மாரப்பன் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. வாசலில் தொங்கிய துணிப் பேனரின் ஓரத்தை விரலால் தேய்த்தபடி நின்றார்.

"ஏங்கண்ணு, இது நம்ம கெணறல்ல?"

"ஆமாங்கப்பா."

அவர் பக்கத்தில் நின்றவரைத் தொட்டுத் திருப்பி, இது எங்கள் கிணற்றுத் தண்ணீரின் நிறம் என்று ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மருதாள் தடுக்கவில்லை. வாய் திறக்கக்கூடாதென்று சொல்லியிருந்தது அவளிடம்தானே.