தண்ணீர் நிற்காத மூலை

குணலட்சுமி மாமி பயந்து நான் பார்த்ததில்லை. பருத்தித்துறைக்குப் பக்கத்தில், எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. மகள் தனுசியாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு சட்டை தைத்தே மகளைப் படிப்பித்தார். அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தபோது அத்திவாரக் கிடங்கில் பாதியைத் தானே வெட்டினார். குளியலறைக்குள் பாம்பு புகுந்தால் எங்கள் வீட்டு ஆண்கள்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஏழு வருடம் கப்பலிலும் ஹோட்டல்களிலும் வேலைசெய்து திரிந்துவிட்டு நான் திரும்பி வந்த கார்த்திகையில், அந்த மாமி குடையில்லாமல் நனைந்தபடி எங்கள் படலையடியில் நின்றார்.

"பிள்ளை, ஒருக்கா வந்து ஒண்டு பார்."

"என்ன மாமி?"

"இஞ்சை வைச்சுக் கதைக்கேலாது. வா."

மூன்றாம் நாளாக மழை விடவில்லை. பிள்ளைபெறத் தாய்வீடு வந்திருந்த தனுசியாவுக்குக் குழந்தை பிறந்து பத்தொன்பது நாள். முப்பத்தோராம் நாள் பேறுகாலத் தீட்டான துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் மேற்கு மூலை அறையில்தான். சாமிப் படங்கள் இருக்கிற முன் ஹோலுக்கு அவர்கள் வரக்கூடாது. அதில் மாமி மகா கண்டிப்பு.

"ஆரது, தூரதேசத்துப் பெட்டையோ?" கட்டிலில் இருந்த தனுசியா சிரித்தாள். "பெட்டியை அவிழ்த்தனியோ, இல்லாட்டி அப்பிடியே அடுத்த ஊருக்கோ?"

"உன்ரை மோளைப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்," என்றேன்.

அவள் பால் கொடுக்க மறுபக்கம் திரும்பியதும் மாமி சுவரில் தொங்கிய கலண்டரை மெல்லத் தூக்கினார். யன்னல் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு கீழே இறங்கியது. அது இறங்கிய வழி நெடுகப் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் திகதி. முதல் இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஒரு மாதம், ஒரு விரலகலம். கடைசி இரண்டுக்கும் இடையில் ஒரு சாண். இரண்டும் நேற்றும் இன்றும் போட்டவை. மாமி உதட்டில் விரல் வைத்துக் கலண்டரைத் திரும்ப விட்டார். பிள்ளையின் தலை அந்தச் சுவரிலிருந்து இரண்டடியில் கிடந்தது.

வெளியே போனோம். மேற்குப் பக்கக் கூரைத்தண்ணீர் முன்பு பக்கத்துக் காணிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் வேலியில் நின்று ஒரு மாரி முழுக்கச் சண்டை பிடித்த பிறகு மாமி கூரையோரம் தண்ணீர் ஏந்தப் பீலி போடுவித்தார். கூரையின் அந்தப் பாதித் தண்ணீரும் பீலியில் ஓடி, ஒரேயொரு பைப்பால் அறையின் மூலையில் இறங்கியது. அண்டாவைக் கவிழ்த்ததுபோல் கொட்டியது.

வளவெல்லாம் கணுக்கால் வெள்ளம். கிணற்றடியில் வெள்ளம், வாழைக்குள் வெள்ளம். பைப் விழுந்த அந்த மூலையில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. விழுந்த தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருந்தது. குனிந்து காது கொடுத்தேன். ஆழத்தில், மண்ணுக்குக் கீழே, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சுவரில் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை எடுத்து அந்த மூலையில் ஊன்றினேன். வெண்ணெய்க்குள் இறங்குவதுபோல் இறங்கியது. ஒரு பிடி மட்டும் மிஞ்சியபோது கையை விட்டுவிட்டேன்.

"மாமி, கீழை என்ன இருக்கு?"

அவர் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே நின்றார். பிழியப் பிழிய அது நனைந்தது.

"பங்கர்," என்றார் கடைசியில்.

சண்டைக் காலத்தில் கணவரும் அவரும் வெட்டிய பதுங்குகுழி. செல் குண்டு விழும்போதெல்லாம் தனுசியாவை மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் இருந்திருக்கிறார். பிறகு தனியே அதை மூடினார். மேலே அடுக்கிய பனங்குற்றிகளை இழுக்கப் பயமாக இருந்ததாம். உள்ளே என்ன கிடக்குமோ என்று. குற்றிகளை அப்படியே விட்டு, இடைவெளிக்குள் மண்ணும் உடைந்த ஓடும் கொட்டி மிதித்துவிட்டார். வீட்டுக்கு இடம் குறிக்க உத்தியோகத்தர் வந்தபோது வாய் திறக்கவில்லை.

"இரண்டு பரப்புக் காணி, பிள்ளை. கிணத்துக்கும் விலத்தி, எல்லைக்கும் விலத்தினா மிச்சம் இந்த இடந்தான். பங்கர் எண்டு சொல்லியிருந்தா, இஞ்சை கட்டேலாது எண்டு பேரை வெட்டியிருப்பாங்கள்."

"தனுசியாவுக்குத் தெரியுமோ?"

"அவளுக்கு அப்ப நாலு வயது. ஒண்டும் நினைவில்லை. சொல்லிப்போடாதை. அவளின்ரை மாமியார் கொடிகாமத்திலையிருந்து ஓட்டோ பிடிச்சு வந்து ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு போயிடும். பிறகு இந்த வீட்டுக்கு ஆர் வருவினம்?"

"மாமி, அந்தச் சுவர் விழுந்தா?"

"இன்னும் பன்ரெண்டு நாள்தானே. துடக்குக் கழியட்டும். பிறகு ஹோலுக்கு மாத்துறன்."

"மழைக்குத் துடக்குத் தெரியுமோ?"

நான் கதிரவேலு மேசனுக்குப் போன் எடுத்தேன். அந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர் அவர். தலையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார்.

"என்ன தங்கச்சி, வீட்டுக்குள்ளை கிணறு வெட்டுறியோ?" என்று சிரித்தபடி வந்தவர், மண்ணுக்கு மேலே மிஞ்சிய அலவாங்கு நுனியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். சுவரோரமாக நாலு இடத்தில் குதிக்காலால் தட்டினார். மூலையை அண்டியதும் பின்வாங்கினார்.

"அத்திவாரம் போட்ட அண்டைக்கே கேட்டனான், உந்த மூலை மண் ஏன் இளக்கமாக் கிடக்கு எண்டு. நீ என்ன சொன்னனி?"

"தோட்டத்துக்குக் கொத்தினது எண்டு," மாமி சொன்னார்.

"தோட்டமோ! ஆறடிக்குக் கத்தரி நட்டனியோ?"

"அண்ணை, ஏசிறதை நாளைக்கு ஏசுங்கோ. இப்ப என்ன செய்ய?" என்றேன் நான்.

"முதலிலை பிள்ளையைத் தூக்கு. பிறகுதான் பைப்பிலை கை வைப்பன். கழட்டேக்கை சுவர் அசைஞ்சாலும் அசையும்."

மாமி அறை வாசல்வரை போய் நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நான் பின்னால் நின்றேன். பைப் கொட்டும் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"தனு, எழும்பு. ஹோலுக்கு வா."

"என்னம்மா விசர்க்கதை? துடக்கு."

"அப்பாவும் நானும் வெட்டின பங்கர் உந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலை கிடக்கு. நான் சொல்லேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

தனுசியா தாயைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். கால்களைக் கீழே வைக்கப் பயந்து கட்டிலிலேயே இருந்தாள். மாமி ஓடிப்போய்ப் பிள்ளையை வாரி எடுத்து என் கையில் தந்தார். மகளைத் தோளோடு அணைத்து இறக்கினார். சாமிப் படங்களுக்கு நேரே பாயை விரித்து இருவரையும் இருத்தினார். படங்களைத் திரையிட்டு மூடக்கூட அவருக்கு நேரம் இருக்கவில்லை. கும்பிடவும் இல்லை.

கதிரவேலு பைப்பைக் கழற்றினார். வளைத்துத் திருப்ப எல்போ ஒன்று பூட்டி, வீட்டிலிருந்த குழாய்களையும் எங்கள் வீட்டுக் குழாய்களையும் பொருத்தி, தண்ணீரை முப்பதடி தள்ளி ஒழுங்கை வாய்க்காலுக்குக் கொண்டுபோனார். நானும் மாமியும் வெள்ளத்துக்குள் நின்று குழாயைத் தாங்கிப் பிடித்தோம். நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மூலையில் மண் சத்தமில்லாமல் உள்ளே போனது. ஒரு பாயளவு இடம். கறுத்துப்போன பனங்குற்றியின் முனை ஒன்று வெளியே தெரிந்தது. அத்திவாரக் கல்லுக்கு அடியில் வெறும் இருட்டு. சுவர் நின்றது. வெடிப்புக்குள் இப்போது என் கை போகும்.

"தை மாசம் மண் காயவேணும்," கதிரவேலு சொன்னார். "முழுக்கக் கிளறிக் கல்லுப் போட்டு நிரப்பி, சுவரோரம் சரிவாச் சீமெந்து பிடிக்கவேணும். அதுவரைக்கும் உந்த அறைக்குள்ளை ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது. இண்டைக்குத் தாங்கு மரம் குடுக்கிறன். நிக்குமெண்டு சத்தியம் பண்ணமாட்டன்."

அவர் மரம் எடுக்கப் போக, நாங்கள் உள்ளே வந்தோம். தனுசியா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அம்மா, வேறை எங்கையும் இருக்கோ?"

"இல்லை. ஒண்டுதான். சத்தியமா ஒண்டுதான்."

"நான் எப்பிடி நம்பிறது?"

மாமி ஈரச் சேலையோடு நிலத்தில் இருந்தார். மகளுக்குக் கிட்டே போகவில்லை. என்னிடம் கையை நீட்டினார்.

"போனைத் தா, பிள்ளை. கொடிகாமத்துக்கு நானே சொல்லுறன்."