கவுன்சிலர் வருகிறார், தெருவைக் கழுவுங்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் அப்படி ஒரு தெருவை நானே பார்த்ததில்லை. இத்தனைக்கும் பதினாலு வருஷமாக அங்கேதான் குடியிருக்கிறேன்!

குப்பை இல்லை. நாய் இல்லை. வாசலுக்கு வாசல் செம்மண் இட்ட கோலம். முக்கியமாக, நாற்றம் இல்லை.

காரணம்? எங்கள் வார்டு கவுன்சிலர் வருவதாக இருந்தார்.

வார்டுக்கு ஒதுக்கும் பணம் கொஞ்சம்தான். தெருவுக்கு ஒரே ஒரு வேலைதான் சிபாரிசு செய்ய முடியும், எது அவசரம் என்று நீங்களே முடிவு பண்ணி மனு கொடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். நியாயமான மனிதர். ஆனால் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்திடம் போய் ‘ஒரே ஒரு வேலை’ என்றால்...?

கூடியது பதினோரு பேர். வந்தது பதினாலு கோரிக்கை. ஒருவருக்குப் பார்க்கில் ஃபவுண்டன் வேண்டும். இன்னொருவருக்கு வேகத்தடை வேண்டும் — அடுத்த வீட்டு வாசலில். புதிதாக மாருதி வாங்கியவர் தெருவை அகலப்படுத்தச் சொன்னார். யார் வீட்டு காம்பவுண்டை இடித்து என்று கேட்டேன், எதிர் வீட்டைப் பார்த்தார். எல்லாரும் ஒற்றுமையாகக் கை தூக்கியது ஒன்றுக்குத்தான்: சொத்து வரியை உயர்த்தக் கூடாது!

கடைசி வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் வீணை டீச்சர் மட்டும் தன் முறைக்காகக் காத்திருந்தார். தெருவின் பள்ளம் அவர் வீட்டுப் பக்கம். வாரத்தில் ஒரு நாளாவது டிரெயினேஜ் அடைத்துக்கொண்டு மேன்ஹோல் பொங்கும். அது முதலில் அவர் பாத்ரூமுக்குள் வரும், பிறகு பாட்டுக் கூடத்துக்கே வந்துவிடும். பன்னிரண்டு பேர் வீணை கற்றுக்கொண்ட கூடத்தில் இப்போது நாலு பேர்.

“நேத்திக்கு ஒரு பொண்ணோட அம்மா வந்தா. மூக்கைப் பொத்திண்டே ஃபீஸைக் குடுத்துட்டு, இனிமே இவ வரமாட்டான்னு சொல்லிட்டுப் போயிட்டா. இந்த நாலு பேரும் நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்? குழாயை மாத்தணும்னு எழுதுங்கோ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

ஃபவுண்டன்காரர் உட்பட எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பத்திரிகையில் எழுதுகிறவன் ஆயிற்றே! இரண்டே வரி. பழைய டிரெயினேஜ் குழாயை மாற்ற வேண்டும். வரியை உயர்த்தக் கூடாது. படித்துப் பார்த்த கவுன்சிலர், ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்றார்.

அங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. சங்கத் தலைவர் ரிடையரான பாங்க் மேனேஜர். சனிக்கிழமை காலையிலேயே வீடு வீடாக ஏறி இறங்கினார்.

“பெரிய மனுஷர் வரார். இந்த நாத்தத்துலயா அவரை நிக்க வைப்பேள்? தெரு மானம் போயிடும்!”

அதுவும் சரிதானே என்று நானும் தலையாட்டினேன். தனியார் லாரி ஒன்று வந்து மேன்ஹோலில் இருந்ததையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போனது. பள்ளத்தில் மணல் கொட்டினோம். மணல் மேல் பிளீச்சிங் பவுடர், அதன் மேல் கோலம். டீச்சர்கூட கூடத்தை பினாயில் விட்டு அலம்பி, சாம்பிராணி போட்டிருந்தார்.

கவுன்சிலர் புல்லட்டில் வந்து இறங்கினார். சால்வை, கேசரி, ரோஸ் மில்க். எல்லாம் முடிந்து தெருவை ஒரு பார்வை பார்த்தார்.

“இன்னா சார், தெரு சும்மா ஜம்முனு கீது! எங்க சார் பிராப்ளம்?”

“இங்கேதான் பொங்கும்...” என்று தலைவர் பள்ளத்தைக் காட்டினார்.

“கோலம்ல கீது?”

அவசரமாக மேன்ஹோல் மூடியைத் திறந்து காட்டினோம். டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே சுத்தமோ சுத்தம். டீச்சர் வீட்டுக் கூடத்திலும் எட்டிப் பார்த்தார். சாம்பிராணி மணந்தது.

“தப்பா நெனைக்காதீங்க சார். ஆத்தோரம் ஜனங்க முட்டிக்கால் தண்ணில நின்னுக்கினு கீறாங்க. இந்த வாட்டி அவுங்களுக்கு எழுதிக்கிறேன்” என்றவர், புல்லட்டை உதைக்கும்போது இன்னொன்றும் சொன்னார். “இவ்ளோ ஷோக்கா வச்சிக்கினு கீறீங்க... வரி கொஞ்சம் ஏத்துனா இன்னா சார், தாங்க மாட்டீங்களா?”

தலைவர் காலி ரோஸ் மில்க் தம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

கவுன்சிலர் மேல் என்ன தப்பு? கண்ணால் பார்த்ததைச் சொன்னார். டாக்டரிடம் போவதற்கு முன்னால் குளித்து, பவுடர் பூசி, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு போய், ‘உடம்புக்கு முடியலை’ என்கிற ஆட்கள் நாம்தானே? வியாதியைவிட, வியாதி இருப்பது தெரிந்துவிடுமோ என்கிற பயம்தான் நமக்குப் பெரிது.

புதன்கிழமை மேன்ஹோல் பொங்கிவிட்டது. விசாரிக்கப் போனேன். டீச்சர் வீணையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு நின்றார். நாலு பேர் மூன்று பேர் ஆகியிருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோலத்துக்கு மணல் பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

“மறுபடியும் எழுதுங்கோ” என்றார். “இந்தத் தடவை அவரை எங்காத்துக் கூடத்துலயே உக்கார வைக்கறேன். நீங்க தெருவை எவ்வளவு வேணா அலம்பிக்கோங்கோ. நான் கூடத்தை அலம்பறதா இல்லை!”

புது மனு எழுதிவிட்டேன். வரி சமாசாரம் மூன்றாவது வரிக்கு இறங்கிவிட்டது, குழாய் இரண்டாவது. முதல் வரி இதுதான் — “ஐயா, தயவுசெய்து சொல்லாமல் கொள்ளாமல் வரவும்.”