துவைக்கக் கூடாத சேலை

அந்தக் கிழமை முழுவதும் வேலாயியின் கைகள் ஓயவேயில்லை. தேங்காய் துருவி முடித்தால் வெங்காயம் உரித்தாள். அது முடிந்தால் காலையில் கூட்டிய முற்றத்தை மறுபடியும் கூட்டினாள். கை சும்மா இருந்தால் முன்னறையில் அழுகிற பிள்ளையைத் தூக்கப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இந்த வெங்காயமெல்லாம் என்னத்துக்கு வேலாயி? கலியாண வீடா நடக்குது இங்க?" என்றாள் வீட்டுக்காரி றமீலா.

"நாளைக்கு ஆகுமுங்க தாத்தா."

முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். மூன்று வருடம் அங்கே சமைத்ததில் வேலாயியும் அப்படியே அழைக்கப் பழகியிருந்தாள்.

கண்டியில் கட்டுக்கலைப் பக்கம் மேட்டில் இருந்தது அந்த வீடு. முன்பக்க அறைகளை றமீலா வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். எண்பத்து நாலாம் ஆண்டில் அங்கே வந்து தங்கியவர்களில் பலர் பிள்ளை தத்தெடுக்க வந்தவர்கள். கோட்டில் தீர்ப்பாகி, பிள்ளைக்குப் பாஸ்போட் கிடைக்கும்வரை மூன்று நான்கு கிழமை இருப்பார்கள். இந்த முறை வந்திருந்தவர்கள் ஒல்லாந்திலிருந்து. பெண்ணின் பெயர் மரியான், புருஷன் ஹென்க். நாவலப்பிட்டிக்கு அப்பால் ஒரு பிள்ளைகள் இல்லத்திலிருந்து வெள்ளிக்கிழமை பவளம் என்ற பெண்பிள்ளையைக் கூட்டி வந்திருந்தார்கள். அவளுக்கு ஒன்றே முக்கால் வயது. பின்தலை தட்டையாக இருந்தது. அதைக் கண்டதுமே வேலாயிக்குப் புரிந்துவிட்டது, தூக்க ஆளில்லாமல் மல்லாந்தே கிடந்து வளர்ந்த பிள்ளை என்று.

முதல் நாளே தவறு செய்தது வேலாயிதான். வேனிலிருந்து இறங்கிய பவளம் மரியானின் கையில் வில்லாக வளைந்து கத்தினாள். மரியானின் முகம் சிவந்துபோய், அவளும் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். சமையலறை வாசலில் நின்ற வேலாயி யாரையும் கேட்கவில்லை. போனாள், வாங்கினாள், வலது இடுப்பில் இருத்தி முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். அழுகை நின்றது. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். வேலாயிக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினொரு வருடம் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள் அவள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விடிந்ததும் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். இருபது பிள்ளை ஒன்றாகக் கத்தினாலும் எது பசியில் கத்துகிறது, எது தாயைத் தேடிக் கத்துகிறது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். பிறகு ஆயாவுக்கு எட்டாம் வகுப்பாவது வேண்டும் என்று உத்தரவு வந்தது. வேலாயி இரண்டாம் வகுப்போடு நின்றவள். புருஷன் கறுப்பையாவும் அதற்கு முந்தின வருடமே போய்ச் சேர்ந்திருந்தான். பிள்ளைகள் இல்லை. இருந்த இரண்டு நல்ல சேலைகளை மடித்துக்கொண்டு கண்டிக்கு வந்துவிட்டாள். காம்பரா வேலை அவளிடம் விட்டுப்போனது, பிள்ளை தூக்கித் தூக்கி வந்த அந்த இடுப்புச் சாய்வு ஒன்றைத்தான்.

அந்த இடுப்பை விட்டுப் பவளம் இறங்க மறுத்தாள். சோறும் வேலாயி கையால்தான், தூக்கமும் வேலாயி தோளில்தான். மரியான் கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை றமீலா சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கேட்டியா வேலாயி? அந்த மனிசன் செல்றாரு, இதவிடச் சின்னப் புள்ளயா எடுத்தா லேசா ஈக்குமாம். இத திருப்பிக் குடுத்துட்டு மூணு மாசத்துப் புள்ள ஒண்டு கேக்கலாமாண்டு."

"தொரசாணி என்னாங்க சொன்னாங்க?"

"அவ ஒண்டும் பேசல்ல. அழுறா. அடுத்த செவ்வாக்கெழம நன்னடத்தை ஐயா வாராராம், புள்ள இவங்களோட எப்பிடி ஈக்கிதுண்டு பார்க்க. அவர் நல்லா எழுதாட்டி கோட்டுல சரிவராதாம்."

துருவுபலகையில் உட்கார்ந்திருந்த வேலாயி எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்தாள். அந்தத் தட்டைத் தலை அவள் கண்முன் நின்றது. திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் அதே பாயில், அதே மல்லாந்த படுக்கை.

பிள்ளை தன்னிடம் ஒட்டியதால்தான் இப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

யோசித்து யோசித்துக் காம்பரா வழிக்கே வந்தாள். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தாய் கட்டிக் களைந்த சேலையில்தான் தொட்டில் கட்டுவார்கள். துவைத்த சேலையில் போட்டால் பிள்ளை கண் மூடாது. வேர்வையும் கொழுந்துச் சாறும் சேர்ந்த தாயின் வாசனை தொட்டிலுக்குள் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை, உடுத்துக் களைந்த தன் பச்சைச் சேலையைக் கொண்டுபோய் மரியானின் கையில் கொடுத்தாள். இதைப் போர்த்திக்கொண்டு பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை வரும் என்பது அவள் கணக்கு. அதை விளக்கிச் சொல்லக் கூச்சம். "போத்திக்கங்க தொரசாணி," என்று சைகை காட்டிவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

மறுநாள் மரியான் அந்தச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தாள். சவர்க்காரம் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, கத்தி விளிம்பு போல இஸ்திரியும் போட்டிருந்தாள். பவளம் சேலையை மோந்து பார்த்துவிட்டு முன்னையைவிட உரக்கக் கத்தினாள்.

"அல்லாவே, தொவைச்சுப்போட்டாவா!" றமீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அழுக்குச் சேலைய ஒருத்திக்கிட்ட குடுத்தா அவ வேற என்ன செய்வா? தொவைக்கத்தான் குடுத்தியண்டு நெனச்சிருப்பா."

வேலாயிக்குச் சிரிப்பு வரவில்லை. சேலையை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்தாள். சவர்க்காரம் மட்டும்தான் மணத்தது. அவளுடைய வாசனை துளிகூட இல்லை. இன்னொரு தடவையும் மோந்து பார்த்தாள். அப்போதுதான் அது தோன்றியது. இது இப்போது யாருடைய சேலையும் இல்லை.

"தாத்தா, தொரசாணிக்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு வாய் வராது, நீங்க சொல்லுங்க. இந்தச் சேலைய வெள்ளிக்கெழம வரைக்கும் அவங்க ஒடம்புல போட்டுக்கணும். படுக்கையிலயும் போத்திக்கணும். பவுடர், சென்ட் ஒண்ணும் கூடாது. தொவைக்கவே கூடாது. அப்பறம் அதுல புள்ளைக்குத் தொட்டி கட்டணும். சோறும் அவங்கதான் ஊட்டணும். நான் கிட்ட வரமாட்டேன்."

றமீலா ஆங்கிலத்தில் சொன்னாள். மரியான் கண்கொட்டாமல் வேலாயியையே பார்த்தாள். பிறகு சேலையை எடுத்து உடம்பில் சுற்றிக்கொண்டாள். ஹென்க் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை விழுந்தது.

அன்று தொடங்கியதுதான் வெங்காயம் உரிப்பு. பவளம் சமையலறைக் கதவைத் தட்டித் தட்டி அழுதாள். கதவுக்கு இந்தப் பக்கம் வேலாயி, மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள். மரியான் ஊட்டிய சோறு பாதிக்கு மேல் தரையில் கிடந்தது. புதன்கிழமை மரியானின் கன்னத்தில் நகக்கீறல் இருந்தது. வியாழக்கிழமை ஹென்க் தொலைபேசியில் நெடுநேரம் பேசினான். யாரிடம், எதைப்பற்றி என்று றமீலாவுக்கும் தெரியவில்லை. வேலாயி முற்றத்தை மூன்று தரம் கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை சேலை கசங்கி, மரியானின் வேர்வை ஏறி, கழுத்துப் பக்கம் மங்கிப் போயிருந்தது. வேலாயி முன்னறைக் கூரை வளையில் கயிறு போட்டுத் தொட்டில் கட்டிக் கொடுத்தாள். கட்டி முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள். மரியான் ஆட்டினாள். தொட்டில் ஆட்டத் தெரியாமல் ஊஞ்சல் போல வீசினாள். அழுகை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கடைசியில் ஓய்ந்தது. வேலாயி சன்னல் இடுக்கால் பார்த்தபோது, பவளம் சேலை ஓரத்தை வாய்க்குள் திணித்துக்கொண்டு தூங்கியிருந்தாள். மரியான் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தப் பயந்து, நின்றபடியே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் விழித்திருக்கும்போது பிள்ளை சமையலறைக் கதவையே பார்த்தது. செவ்வாய்க்கிழமை காலை றமீலா சொன்னாள், "ஐயா வார நேரம் நீ பின்பக்கத்தால மெதுவா போயிடு. புள்ள காணாம."

"கூடாதுங்க தாத்தா. களவா போனா புள்ள நாள் பூரா தேடும். காம்பராவுல எந்தத் தாயையும் நான் அப்பிடிப் போக விட்டதில்ல."

வேலாயி கைப்பையை எடுத்துக்கொண்டு முன்வாசலால் போனாள். மரியானின் இடுப்பில் இருந்த பவளத்தின் முன்னால் நின்று, "நான் மார்க்கட்டுக்குப் போயிட்டு வர்றேன்," என்றாள். பவளம் இரண்டு கையையும் நீட்டினாள். வேலாயியின் கை பையைத்தான் இறுக்கியது. அவள் படியிறங்கும்போது கிளம்பிய கத்தல் தெருமுனைவரை கூடவே வந்தது.

கண்டி மார்க்கட்டில் என்ன வாங்க வந்தோம் என்று நினைவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"என்னக்கா, கடையெல்லாம் எண்ணுறீங்களா?" என்று மரக்கறிக் கடை ஹபீல் கேட்டான். வெட்கமாகிப் போய் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கினாள். கூட்ஷெட் பஸ் நிலையம்வரை காரணமில்லாமல் நடந்தாள். ஹுன்னஸ்கிரியப் பஸ் புறப்பட நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திடீரென்று வீட்டுப் பக்கம் விரைந்தாள்.

மேட்டுப் படியில், கோப்பும் குடையுமாக நன்னடத்தை அதிகாரி வீரசிங்கம் ஐயா இறங்கி வந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முன்பும் வந்துபோனவர்.

"நீர்தானே அங்க சமைக்கிறவ?"

"ஆமாங்க ஐயா." கறிவேப்பிலைக் கட்டை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"உந்தப் பிள்ளை என்னைக் கண்டு நல்லாப் பயந்துபோச்சு. நான் போகுமட்டும் தாயின்ர தோளுக்குள்ள முகத்தைப் புதைச்சபடிதான். ஒருக்காலும் நிமிரேல்ல." அவர் சிரித்தார். "நல்லா எழுத எனக்கு அது காணும்."

அவர் 'தாய்' என்று சொன்னதை வேலாயி படியேறும் வழியெல்லாம் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முன்னறையில் மரியான் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பவளம். வேலாயியைக் கண்டதும் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. கையிலிருந்த பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டியது. பிறகு அதை மரியானின் வாயில் வைத்து அழுத்தியது. வேலாயி சமையலறைக்குப் போய், கறிவேப்பிலையை ஓர் இலை விடாமல் உருவி முடித்தாள்.

வியாழக்கிழமை கோட்டில் தீர்ப்பானது. பாஸ்போட் வர இன்னும் பத்து நாள். வேன் வந்து நின்ற காலையில் ஹென்க் வேலாயியின் கையைப் பிடித்துக் குலுக்கினான், விடவே மாட்டான் போல. மரியான் பச்சைச் சேலையைக் காட்டி றமீலாவிடம் ஏதோ கேட்டாள்.

"இத எப்பத் தொவைக்கலாமாண்டு கேக்குறா."

"புள்ள தானா கீழ போடுற அன்னைக்கி. அதுவரைக்கும் வேணாம்னு சொல்லுங்க."

பவளத்திடம் என்ன சொல்வது என்று வேலாயி முந்தின நாளெல்லாம் யோசித்திருந்தாள். சாயங்காலம் தாய் வருவாள் என்பது உறுதியாக இருந்ததால்தான் காம்பராவில் அவளால் பொய்யில்லாமல் பேச முடிந்தது. வேன் கதவருகே போய், பிள்ளையின் தட்டையான பின்தலையை ஒருமுறை தடவினாள்.

"நீ போயிட்டு வா தாயி," என்றாள்.

வேன் மேட்டிலிருந்து இறங்கி வளைவில் மறைந்தது. வேலாயி படியிலேயே நின்றாள்.

"என்ன வேலாயி, கோணலா நிக்கிற?" என்றாள் றமீலா.

வலது இடுப்பைச் சாய்த்து, கை அணைத்தபடி நின்றிருந்தாள். சட்டென்று நிமிர்ந்து, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள்.

"வெங்காயம் உரிக்கட்டுங்களா தாத்தா?"

"நேத்து உரிச்சதே சட்டி நெறைய ஈக்கி," என்றாள் றமீலா. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போ. இன்னங் கொஞ்சம் உரி," என்றாள்.